பேனை யார் கையில்? தனி வகுப்பில் உங்கள் பாணியைக் கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் வீடு வீடாகப் போய்ப் படிப்பிக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஏஎல் (உயர்தரப் பரீட்சை) எழுதிவிட்டுக் கம்பசுக்குக் காத்திருக்கும் இளம் ஆட்கள் ஒரு பக்கம். பாடசாலை விட்டதும் பின்னேரத்தில் இரண்டு வீட்டுக்குப் போகும் ஆசிரியர்கள் இன்னொரு பக்கம். இரு சாராருக்கும் ஒன்று பொது: நல்ல படிப்பிப்பு என்றால் அவர்கள் மனதில் வருவது ரியூட்டரிதான். நீள வாங்குகள், மைக், பலகை முழுக்கக் கணக்கு, இடையிடையே சேர் விடும் பகிடி. நூறு பேருக்கு முன்னால் அது நன்றாகவே வேலை செய்யும். அதே ஆள் அதே வேகத்தோடு ஒரு சாப்பாட்டு மேசையில், ஒரேயொரு பிள்ளைக்கு முன்னால் இருந்து அதைச் செய்தால் அது பிரசங்கம்.

தனி வகுப்பில் உங்கள் பாணி குரலிலோ பகிடியிலோ தெரியாது. மூன்று இடங்களில்தான் தெரியும். பேனை யார் கையில் இருக்கிறது, பிள்ளை பேசாமல் இருக்கும்போது எவ்வளவு நேரம் பொறுக்கிறீர்கள், பிள்ளை பிழை விட்டதும் உங்கள் வாயிலிருந்து முதலில் என்ன வருகிறது. இந்த மூன்றையும் கவனிக்கப் பழகினால் போதும், உங்கள் பாணி தானாக முகம் காட்டும். பிறகு அதில் எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது என்று முடிவெடுக்கலாம்.

தொடங்கமுன் ஒன்று. படிப்பிக்கும் பாணிகளை வகைப்படுத்தும் அட்டவணைகள் நிறைய உண்டு. அந்தனி கிராஷா என்ற அமெரிக்க உளவியலாளர் ஐந்து பாணிகளைச் சொன்னார்: நிபுணர், அதிகாரமுள்ளவர், தானே முன்மாதிரியாகச் செய்து காட்டுபவர், வழிநடத்துபவர், பொறுப்பை மாணவரிடமே விடுபவர். ஓர் ஆளிடம் இவை கலந்தே இருக்கும் என்பதையும் அவரே சொல்லியிருக்கிறார். உங்களைப் பற்றி யோசிக்க இந்தச் சொற்கள் உதவும், அவ்வளவுதான். ஆனால் 'இந்தப் பிள்ளை கண்ணால் படிக்கிற வகை, அந்தப் பிள்ளை காதால் படிக்கிற வகை' என்று பிரித்து அதற்கேற்பப் பாணியை அமைக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். ஹரோல்ட் பாஷ்லரும் வேறு மூவரும் 2008 இல் அதற்கான ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தார்கள். அப்படிப் பிரித்துப் படிப்பித்தால் பலன் கூடும் என்பதற்குப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை.

முதல் படி: யாருடைய குரலில் கதைக்கிறீர்கள்?

ஒரு தாளை எடுத்து, உங்களுக்குப் படிப்பித்தவர்களில் மனதில் நிற்கும் மூன்று நான்கு பேரை எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் நேரே, அவரிடமிருந்து உங்களிடம் ஒட்டிக்கொண்ட ஒரு பழக்கத்தை எழுதுங்கள். 'இது சிம்பிள்' என்று தொடங்குவது, பிள்ளையின் கொப்பியைத் தன் பக்கம் திருப்பி எடுப்பது, விடை சரி என்றால் ஒன்றும் சொல்லாமல் அடுத்த கணக்குக்குப் போவது, எதுவானாலும் சரி. அப்புறம் அதில் எது பெரிய வகுப்புக்கென்றே உருவானது என்று பாருங்கள். 'இது சிம்பிள்' என்பது மண்டபத்தில் தைரியம் தரும். தனியாக இருக்கும் பிள்ளைக்கு, விளங்காவிட்டால் தான் மொக்கு என்று சொன்னதுபோல் ஆகிவிடும்.

இதற்கு அரை மணித்தியாலத்துக்கு மேல் செலவழிக்க வேண்டாம். சொந்தப் பழக்கம் நினைவில் சரியாகப் பிடிபடாது. அதற்குத்தான் அடுத்த படி.

இரண்டாம் படி: பத்து நிமிடம் பதிவு செய்து கேளுங்கள்

பெற்றோரிடமும் பிள்ளையிடமும் கேட்டு, ஏன் என்று சொல்லி, ஒரு வகுப்பைப் போனில் பதிவு செய்யுங்கள். படம் வேண்டாம், குரல் போதும். கேட்டு முடிந்ததும் அழித்துவிடுவதாகச் சொல்லி, சொன்னபடி அழித்தும் விடுங்கள். தொடக்கத்தில் எல்லோரும் கொஞ்சம் நடிப்போம். ஆகவே வகுப்பின் நடுவிலிருந்து பத்து நிமிடத்தை எடுங்கள்.

முதல் தடவை கேட்கும்போது ஒன்றை மட்டும் பாருங்கள்: யார் எவ்வளவு நேரம் கதைக்கிறார்கள். கடிகாரத்தைப் பார்த்துக் குத்துமதிப்பாகக் குறித்தால் போதும். பலருக்கு இங்கேயே முகம் மாறிவிடும். பத்தில் எட்டு நிமிடம் நம் குரலாகவே இருக்கும்.

இரண்டாவது தடவை கேள்விகளைப் பாருங்கள். நீங்கள் ஒரு கேள்வி கேட்டதற்கும், திரும்ப நீங்களே வாய் திறந்ததற்கும் இடையில் எத்தனை செக்கன்? மேரி பட் றோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் விஞ்ஞான வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை இப்படித்தான் ஆராய்ந்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு செக்கன் அளவுதான் பொறுத்தார்கள். அதை மூன்று செக்கனுக்கு மேல் நீட்டியபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, பதிலே சொல்லாமல் விடுவது குறைந்தது. மூன்று செக்கன் என்றால் சின்ன விஷயம் என்று நினைப்பீர்கள். ஒரு வீட்டு விறாந்தையில் இருந்து செய்து பாருங்கள். பதில் சொல்ல வேறு பிள்ளை கிடையாது, பார்வையைத் திருப்ப இடமும் கிடையாது. குசினியில் நிற்கும் அம்மாவுக்கு அந்த மௌனம் கேட்கும், 'என்ன, சேர் ஒண்டும் சொல்லிக் குடுக்கேல்லையோ' என்று யோசிப்பா. இதற்கு எளிய வழி, பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் கொப்பியைப் பார்ப்பது. தேத்தண்ணி வந்திருந்தால் ஒரு மிடறு குடிக்கவும் அதுதான் நேரம்.

மூன்றாவது தடவை, 'விளங்கினதோ?' என்று எத்தனை முறை கேட்டீர்கள் என்று எண்ணுங்கள். நம் ஊரில் இதற்கு ஒரேயொரு பதில்தான் உண்டு: 'ஓம் சேர்.' வீட்டுக்கு வந்த ஆளிடம், அதுவும் படிப்பிக்க வந்தவரிடம், விளங்கவில்லை என்று சொல்வது மரியாதைக் குறைவு என்றே பிள்ளைகள் வளர்க்கப்படுகிறார்கள். ஆகவே அந்தக் கேள்வியால் உங்களுக்கு ஒரு தகவலும் கிடைக்காது. அதற்குப் பதிலாக, 'அடுத்த வரியை நீ எழுது' என்று பேனையைக் கொடுங்கள். அல்லது, 'இதை உன்ர தங்கச்சிக்குச் சொல்லிக் குடுக்கிறதெண்டால் எப்பிடித் தொடங்குவாய்?' என்று கேளுங்கள்.

விளக்கத்தைக் குறைத்தால் பிள்ளை நட்டப்படும் என்று பயப்பட வேண்டாம். மிஷெலின் சீயும் அவருடைய குழுவினரும் 2001 இல் வெளியிட்ட ஆய்வில், இரத்தச் சுற்றோட்டத்தைத் தனித்தனியாக இருந்து படிப்பித்தவர்களிடம் ஒரு கட்டத்தில் 'விளக்காதீர்கள், பிள்ளையைச் சொல்லத் தூண்ட மட்டும் செய்யுங்கள்' என்று கேட்டார்கள். பிள்ளைகள் அப்போதும் முன்புபோலவே நன்றாகப் படித்தார்கள். நாம் கெட்டித்தனம் என்று நினைத்துக் கொட்டும் விளக்கத்தில் பாதி நமக்காகத்தான் என்பது என் அபிப்பிராயம்.

மூன்றாம் படி: பேனை எப்போது கை மாறுகிறது?

அடுத்த வகுப்பில் காதைவிடக் கண்ணுக்கு வேலை கொடுங்கள். வீட்டுக்குப் போனதும் பிள்ளையின் கொப்பிப் பக்கத்தை நினைவுபடுத்திப் பாருங்கள், அல்லது படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் உங்கள் கையெழுத்து எவ்வளவு, பிள்ளையின் கையெழுத்து எவ்வளவு?

பேனை எப்போதும் பிள்ளையிடமே இருக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. ஒரு விடயத்தைப் புதிதாகத் தொடங்கும் பிள்ளையை உடனே கணக்கில் இறக்கிவிடுவது நேர விரயம். ஜோன் ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் 1985 இல் அட்சரகணிதத்தை வைத்துக் காட்டியது இதுதான்: தொடக்க நிலையில், செய்து முடித்த உதாரணங்களைப் படித்தவர்கள் தாமாக முட்டி மோதியவர்களைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் ஓரளவு தேறிய பிள்ளைக்குத் திரும்பத் திரும்பச் செய்து காட்டினால் அந்தப் பலன் தேய்ந்துவிடும். எனவே பேனை நகர வேண்டும். முதல் கணக்கை நீங்கள் முழுக்கச் செய்யுங்கள். இரண்டாவதில் கடைசி இரண்டு வரியைப் பிள்ளைக்கு விடுங்கள். மூன்றாவதில் முதல் வரியை மட்டும் எழுதிக் கொடுங்கள். நான்காவதில் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். உங்கள் பாணி எது என்பது, இந்த வரிசையில் எந்த இடத்தில் உங்களுக்குக் கை பரபரக்கிறது என்பதில் இருக்கிறது. சிலருக்குக் கொடுக்கவே மனம் வராது. சிலர் முதல் கணக்கிலேயே கொடுத்துவிட்டுப் போனைப் பார்ப்பார்கள்.

இணுவில், அளவெட்டிப் பக்கம் தவிலோ நாதஸ்வரமோ சொல்லிக்கொடுக்கும் வீட்டுத் திண்ணையில் கொஞ்ச நேரம் இருக்கக் கிடைத்தால் இருந்து பாருங்கள். குரு சொல்லைச் சொல்லுவார், பிள்ளை திருப்பிச் சொல்லும், பிறகு கை. பிழைத்தால் அதே சொல் திரும்ப வரும். நீண்ட விளக்கமெல்லாம் அபூர்வம். கணக்கு வாத்திமாருக்கு அதில் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

நான்காம் படி: பிழை வரும் நொடி

இதுதான் முக்கியமான படி. ஒரு கணக்கை வைத்தே பார்ப்போம். 2,000 ரூபா சேட் ஒன்றின் விலையைக் கடைக்காரர் 20 சதவீதம் கூட்டிக் குறிக்கிறார். பிறகு தீபாவளிக்கு, குறித்த விலையில் 20 சதவீதக் கழிவு கொடுக்கிறார். இப்போது என்ன விலை? பிள்ளை யோசிக்காமல் 2,000 என்று எழுதுகிறது.

ஓர் ஆசிரியர் உடனே பேனையை வாங்கி, '2,000 இல் 20 சதவீதம் 400. அப்ப 2,400. அதில 20 சதவீதம் 480. கழிச்சால் 1,920' என்று முடிப்பார். அரை நிமிடத்தில் விடை கொப்பியில் இருக்கும்.

இன்னொருவர், 'எப்பிடி வந்தது, சொல்லு பாப்பம்' என்பார்.

மூன்றாமவர் சின்னச் சின்னக் கேள்வியாக இழுத்துக்கொண்டு போவார். 'கூட்டின விலை எவ்வளவு? சரி. இப்ப கழிவு எந்த விலையில? சரி. அதில 20 சதவீதம்?'

நான்காமவர் விடையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், '20க்குப் பதிலா 50 போட்டுச் செய்து பார்' என்பார். பிள்ளை 2,000 இல் பாதியைக் கூட்டி 3,000 ஆக்கி, அதில் பாதியைக் கழித்து 1,500 இல் வந்து நிற்கும். 'அட' என்று தானே முதல் கணக்குக்குத் திரும்பும்.

நான்காவதுதான் சிறந்தது என்று சொல்லத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். பிள்ளை தெரிந்தும் கவனக்குறைவாக விட்ட பிழை என்றால் முதல் ஆசிரியர் செய்ததே சரி. அதற்கு நாடகம் தேவையில்லை. இரண்டாவது வழி பிள்ளையின் மனதில் என்ன ஓடுகிறது என்று காட்டும், ஆனால் ஒரு பொறி உண்டு. விடை பிழைக்கும்போது மட்டும் 'எப்பிடி வந்தது?' என்று கேட்டால், அந்தக் கேள்வி வந்ததுமே பிள்ளை அழிறப்பரை எடுத்துவிடும். விடை சரியாக இருக்கும்போதும் அதே தொனியில் அதே கேள்வியைக் கேட்கப் பழகுங்கள். மூன்றாவது வழியில் பிள்ளை எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொல்லும், உங்களுக்கும் வகுப்பு நன்றாகப் போனதுபோல் இருக்கும். ஆனால் கணக்கின் முழு உருவம் உங்கள் தலையில்தான் இருந்தது, பிள்ளை செய்தது கூட்டலும் கழித்தலும் மட்டுமே. எங்கள் ஊரில் அதிகம் புழங்கும் வழி இது, நான் அதிகம் சந்தேகப்படுவதும் இதைத்தான். நான்காவது வழிக்கு ஆயத்தம் வேண்டும். 50 போட்டுப் பார் என்பது அந்த நொடியில் எல்லோருக்கும் தோன்றாது. ஒவ்வொரு பாடத்திலும் பிள்ளைகள் வழமையாக விடும் பிழைகளையும், அவற்றைத் தானாகவே உடைக்கும் ஓர் உதாரணத்தையும் ஒரு சின்னக் கொப்பியில் சேர்த்து வையுங்கள்.

இரண்டு கிழமைக்கு இந்தப் பயிற்சியைச் செய்யுங்கள். வகுப்பு முடிந்து சைக்கிளில் ஏறமுன், அன்று பிள்ளை பிழை விட்டபோது உங்கள் வாயில் வந்த முதல் வசனத்தை மட்டும் அப்படியே எழுதுங்கள். நல்ல வசனமாகத் திருத்தி எழுத வேண்டாம். பார்க்கப் பார்க்க ஒரே வசனம் திரும்பத் திரும்ப வருவது தெரியும். எந்த அட்டவணையையும்விட அந்த வசனம் உங்கள் பாணியைச் சரியாகச் சொல்லும்.

ஐந்தாம் படி: உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள்?

சேரா, ரீச்சரா, அண்ணாவா, அக்காவா? சின்ன விஷயம்போல் இருக்கும், ஆனால் வகுப்பின் பாதி குணம் இதிலேயே முடிவாகிவிடும். இருபது வயதில் 'சேர்' ஆகிவிட்டால் பிள்ளை விளங்காததை மறைக்கும். 'அண்ணா' ஆகிவிட்டால் வீட்டுவேலை செய்யாமல் சிரித்துச் சமாளிக்கும். எதுவும் பிழையில்லை. உங்களுக்கு எது இயல்போ அதை முதல் நாளே தாய் தகப்பன் முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள். பிறகு மாற்றுவது கஷ்டம்.

இடமும் அப்படித்தான். ஹோலில், ஆட்கள் நடமாடும் இடத்தில், கதவு திறந்தபடி இருந்து படிப்பியுங்கள். பிள்ளையின் பாதுகாப்புக்கும் உங்கள் பெயருக்கும் அது அவசியம், இதில் தளர்வு கூடாது. பிள்ளைக்கு எதிரே இருப்பதா பக்கத்தில் இருப்பதா என்பதை மட்டும் மாற்றிப் பாருங்கள். எதிரே இருந்தால் எழுத்து உங்களுக்குத் தலைகீழாகத் தெரியும், பேனையை வாங்குவதும் குறையும்.

ஆறாம் படி: ஒன்றை மட்டும் மாற்றி, அளந்து பாருங்கள்

இப்போது உங்களிடம் ஒரு படம் இருக்கிறது. உதாரணமாக, 'நான் வேகமாகச் செய்து காட்டுகிறேன், மௌனத்தைப் பொறுக்க மாட்டேன், பிழை வந்தால் உடனே திருத்துகிறேன்.' மூன்றையும் ஒரேயடியாக மாற்றப் போகாதீர்கள். ஒன்றை எடுத்து ஒரு மாதம் பிடியுங்கள்.

பலன் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? வகுப்பு முடியும்போது பிள்ளையின் முகத்தைப் பார்த்து அல்ல. ஹென்றி றோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கும் 2006 இல் ஒரு பரிசோதனை செய்தார்கள். ஒரு பந்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடத்தின் பின் நன்றாக நினைவு வைத்திருந்தார்கள். வாசித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு கிழமை கழித்து அவர்களை முந்தினார்கள். இன்று சுமுகமாகப் போன வகுப்பு, அடுத்த கிழமை மறந்துபோகும் வகுப்பாகவும் இருக்கலாம். ஆகவே ஒவ்வொரு வகுப்பையும், போன வகுப்பில் செய்ததுபோன்ற இரண்டு கேள்விகளோடு தொடங்குங்கள். கடந்தகால வினாத்தாளிலிருந்து எடுத்தால் பெற்றோருக்கும் திருப்தி. உதவி, சாடை, தொண்டைச் செருமல் எதுவும் கூடாது. எத்தனை சரி என்று கொப்பியின் பின்பக்கத்தில் குறித்து வாருங்கள். ஒரு மாதக் குறிப்பு உங்கள் மாற்றத்தைப் பற்றி உள்ளதைச் சொல்லும்.

பெஞ்சமின் புளூம் 1984 இல் எழுதிய கட்டுரை, தனியாகப் படித்த சராசரி மாணவர் சாதாரண வகுப்பில் படித்தவர்களில் 98 சதவீதத்தினரை மிஞ்சினார் என்று சொன்னதால் பிரபலமானது. அந்த மாணவர்களுக்கு இடையிடையே சோதனை வைத்து, விட்ட இடத்தைத் திரும்பப் படிப்பித்தார்கள் என்பதைப் பலர் சொல்வதில்லை. 2011 இல் கேர்ட் வான்லேன் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது பலன் நல்லதுதான், ஆனால் புளூம் சொன்ன அளவுக்கு இல்லை என்று தெரிந்தது. பக்கத்தில் இருந்தால் மட்டும் போதாது.

ஏழாம் படி: பிள்ளைக்குப் பிள்ளை எது மாறும், எது மாறாது

டேவிட் வூட், ஜெரோம் புரூனர், கேல் றொஸ் மூவரும் 1976 இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். மூன்று, நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் 30 பேர் 21 மரத்துண்டுகளைப் பொருத்திக் கோபுரம் ஒன்று கட்ட வேண்டும், உதவிக்கு ஒரே ஆசிரியை. மூன்று வயதினரிடம் அவரது வேலை பெரும்பாலும் பிள்ளையை விளையாட்டிலிருந்து இழுத்து வேலையில் வைத்திருப்பது. நான்கு வயதினரிடம் சொல்லித் தூண்டுவதும் திருத்துவதும். ஐந்து வயதினருக்கு 'சரிதானே?' என்று கேட்கும்போது ஆமோதிக்க ஓர் ஆள் இருந்தால் போதும். ஆள் ஒன்று, வேலை மூன்று.

நம் வீடுகளிலும் அதேதான். புலமைப்பரிசில் எழுதும் ஐந்தாம் தரப் பிள்ளைக்கு இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை வேலையின் வகையை மாற்ற வேண்டும். ஓஎல் (சாதாரணதரப் பரீட்சை) கணிதத்தில் தட்டுத்தடுமாறும் பிள்ளையிடம் முதல் மாதம் பேனை உங்கள் கையில் கொஞ்சம் அதிகம் இருக்கலாம். முதல் வினாத்தாளில் 25 குறுவினாக்கள் இருக்கின்றன. அங்கே சேரும் சின்னச் சின்னப் புள்ளிகளே அந்தப் பிள்ளைக்குத் தைரியம் தரும். ஏஎல் இணைந்த கணிதம் செய்யும் கெட்டிக்காரப் பிள்ளைக்கு நீங்கள் செய்து காட்டச் செய்து காட்ட அது சோம்பேறியாகும். இவையெல்லாம் மாறும். ஆனால் மௌனத்தைப் பொறுப்பதும், சரியான விடைக்கும் 'எப்பிடி?' கேட்பதும் உங்கள் பழக்கமாகிவிட்டால் எல்லா வீட்டுக்கும் கூடவே வரும்.

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு சூமில் தமிழோ கணக்கோ சொல்லிக்கொடுப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. இங்கே காலை ஆறு மணி என்றால் ரொறன்ரோவில் கோடையில் முதல் நாள் இரவு எட்டரை, குளிர்காலத்தில் ஏழரை. பிள்ளை களைத்திருக்கும், வகுப்பைக் குறுக்குங்கள். அதைவிடப் பெரிய சிக்கல், திரையைப் பகிர்ந்ததும் பேனை முழுக்க உங்களிடம் வந்துவிடும். பிள்ளையையே திரையைப் பகிரச் சொல்லுங்கள், அல்லது போனைக் கொப்பிக்கு மேலே சாய்த்து வைக்கச் சொல்லி, எழுதும் கையைப் பாருங்கள்.

கடைசிப் படி: எழுதி, பெற்றோரிடம் சொல்லுங்கள்

கண்டுபிடித்ததை அரைப் பக்கத்துக்குள் எழுதுங்கள். நான் எப்படித் தொடங்குவேன், பிழை வந்தால் என்ன செய்வேன், எதைச் செய்ய மாட்டேன். புதிய வீட்டுக்குப் போகும்போது அதையே அம்மாவிடம் சாதாரணமாகச் சொல்லலாம்: 'அன்ரி, நான் கனக்கக் கதைக்க மாட்டன். பிள்ளை யோசிச்சுக்கொண்டு சும்மா இருக்கிறதுபோல இருக்கும், அப்ப ஒண்டும் சொல்லாதேங்கோ. ஒவ்வொரு நாளும் தொடக்கத்தில ரெண்டு கேள்வி குடுப்பன், அந்தப் புள்ளி கொப்பியின்ர பின்பக்கத்தில இருக்கும், நீங்களும் பாக்கலாம்.' இப்படிச் சொல்லிவிட்டால் குசினி மௌனப் பிரச்சினை பாதி தீர்ந்துவிடும்.

சிலருக்கு இது பிடிக்காது. கிழமைக்கு இரண்டு வினாத்தாள் செய்விக்கும், சத்தமாக அதட்டும் ஆள்தான் வேண்டும் என்பார்கள். கேட்பதில் பிழையில்லை, அது வேறு பாணி. இரண்டு மாதம் செய்து பாருங்கள். பின்பக்கப் புள்ளியும் ஏறவில்லை, வீட்டாருக்கும் திருப்தியில்லை என்றால், அந்தப் பாணியில் நன்றாகப் படிப்பிக்கும் வேறொருவரின் நம்பரை நீங்களே கொடுங்கள். கொப்பியின் பின்பக்கத்தையும் அவரிடம் ஒருமுறை காட்டிவிட்டால், பிள்ளை எங்கே நிற்கிறது என்று அவருக்கு முதல் நாளே தெரியும்.